அரட்டையை நிறுத்தி நேரில் சந்திக்கச் சொல்லும் டேட்டிங் செயலி வன்னிக்குச் சரிவருமா?

துணை தேடுவோரை மாதக்கணக்கில் செய்தி அனுப்ப விடாமல் விரைவில் நேரில் சந்திக்கத் தூண்டும் ஒரு புதிய நிறுவனத்தைப் பற்றிப் படித்துவிட்டு, அது நம் பக்கத்தில் எடுபடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வன்னியில் உள்ள கிளிநொச்சியைச் சேர்ந்தவள். என் கணவரைச் செயலி ஒன்றின் வழியாகவே அறிந்துகொண்டேன் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

நாங்கள் ஏழு மாதங்கள் எழுத்திலேயே பேசினோம். போனில் கதைக்க மட்டும் அவர் ஒருநாளும் இணங்கவில்லை. சிக்னல் இல்லை, அம்மா பக்கத்தில் இருக்கிறார் என்று ஏதாவது ஒரு காரணம் வரும். வேறு யாருடைய படத்தையோ வைத்து ஏமாற்றுகிறாரோ என்ற சந்தேகம் முற்றி, இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று வவுனியாவுக்குப் பஸ் ஏறினேன். கூல்பாரில் எனக்கு எதிரே வந்து அமர்ந்தவர் படத்தில் இருந்தவரேதான். வவுனியாவில் எவ்விடம் என்று கேட்டேன். வைரவபுளியங்குளம் என்று சொல்ல வேண்டும்; முதல் எழுத்திலேயே உதடு ஒட்டிக்கொண்டது. உறிஞ்சுகுழாய் சுற்றியிருந்த காகிதத்தை மடித்து மடித்து ஓர் அரிசியளவாக்கி, அந்தச் சொல் வெளியே வரும்வரை மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வாய் திக்கும். எனக்கு அது ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. முதல் வாரத்திலேயே சந்தித்திருந்தால், ஏழு மாதங்களாக அவர் சுமந்த பயம் அரை மணி நேரத்தில் தீர்ந்திருக்கும்.

எழுத்தில் பழகும்போது நாம் நம்மைத் திருத்திக் காட்டுகிறோம். எதிரில் இருப்பவரிடம் தெரியாமல் கிடக்கும் இடங்களை நம் விருப்பப்படி நிரப்பிக்கொள்கிறோம். ஜோசப் வால்தர் என்ற தொடர்பாடல் ஆய்வாளர் 1996 இலேயே இதை விளக்கியிருக்கிறார். செயலிகளின் வருமானமும் இதற்குத் துணைபோகிறது: பயனர் தேடிக்கொண்டே இருக்கும் வரைக்கும்தான் அவர் சந்தா கட்டுவார். இந்தக் குறையை உணர்ந்தே ஹிஞ் செயலி, துணை கிடைத்ததும் போனிலிருந்து அழித்துவிடுவதற்கென்றே தான் உருவாக்கப்பட்டதாக விளம்பரம் செய்தது. 2018 இல், தொலைபேசி எண்ணைப் பரிமாறியவர்களிடம் உண்மையில் சந்தித்தீர்களா என்று கேட்கவும் தொடங்கியது. 2021 இல் லண்டனில் வந்த தேர்ஸ்டே என்ற செயலி, அரட்டை நீளாதிருக்க வியாழக்கிழமை மட்டும் இயங்கியது.

ஆகவே எண்ணம் சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை. வன்னியில் சிக்கல் சந்திக்கும் இடத்தில்தான் இருக்கிறது. அன்று நான் திரும்பி வந்த பஸ் மாங்குளம் தாண்டுவதற்குள் செய்தி வீட்டுக்குப் போய்விட்டது. கூல்பாரில் யாரோ உறவினர் கண்டிருக்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "ஆற்ற பெடியன் அது?" என்று அம்மா கேட்டார். என்னோடு கூல்பாரில் இருந்தவருக்கு இந்தக் கேள்வி வரவில்லை. ஒரே மேசையில் இருந்த இருவரில் ஒருவர் மட்டும் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பதை இந்த நிறுவனங்களை நடத்துவோர் கவனிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

நம் பெரியவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பேச்சுக்கால் கலியாணங்களில் பெண்ணை முதலில் கோயிலில் வைத்தே பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால் இரு வீட்டாரும் சாமி கும்பிட வந்ததாகவே அந்த நாள் முடிந்துவிடும், யாருக்கும் தலைகுனிவில்லை. செயலியும் அப்படி ஒரு முகாந்திரத்தைக் கொடுக்க வேண்டும்: பத்துப் பன்னிரண்டு பேர் சேரும் ஒரு சமையல் வகுப்பு, மரம் நடுகை, புகைப்படப் பயிற்சி. தோழியையோ அக்காவையோ கூட்டிவர அனுமதி இருக்க வேண்டும். பெயரையும் படத்தையும் முன்கூட்டியே சரிபார்த்திருக்க வேண்டும்; வெளிநாட்டு மாப்பிள்ளை என்று சொல்லிப் பணம் பறிப்பவர்கள் அந்த இடத்திலேயே கழன்றுவிடுவார்கள். நீளும் அரட்டையில் படங்கள் கைமாறி, பிறகு அதுவே மிரட்டலாவதும் குறையும். அப்படி மிரட்டப்படுபவர்கள் 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்தை அழைக்கலாம்.

இங்கே தொடங்குவதானால் பல்கலைக்கழக வளாகமும் ஆடைத் தொழிற்சாலையும் இருக்கும் அறிவியல்நகர்ப் பக்கம் பொருத்தமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வையுங்கள். முல்லைத்தீவு, மல்லாவிப் பக்கத்திலிருந்து வரும் பெண் பிள்ளைகள் பொழுதுபட முதல் வீட்டுக்குப் பஸ் பிடிக்க வேண்டும்.