நிபா: டெஸ்ட் நெகட்டிவ் வந்த பிறகும் 21 நாள் ஏன்?

கேள்வி: மலப்புரம் மாவட்டத்தில் ஒரு மருத்துவமனையில் இருந்த மாமனாருக்குத் துணையாக 2ஆம் தேதி இரவு தங்கினேன். பக்கத்துக் கட்டில்காரர் வாந்தி எடுத்தபோது தாங்கிப் பிடித்தேன். 3ஆம் தேதி காலை கோவை திரும்பிவிட்டேன். அவருக்கு நிபா என்று 5ஆம் தேதி போன் வந்தது. 6ஆம் தேதி ஸ்வாப் எடுத்தார்கள், நெகட்டிவ். ஆனாலும் 21 நாள் வீட்டை விட்டு வரக்கூடாது என்கிறார் சுகாதார ஆய்வாளர். வேலைக்குப் போகலாமா? வீட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பதில்: போகக்கூடாது. ஆய்வாளர் சொல்வது சரி.

நிபா வைரஸ் உடம்புக்குள் போன பிறகு அறிகுறி தெரியப் பெரும்பாலும் 4 முதல் 14 நாள் ஆகும். ஆர்டி-பிசிஆர் பரிசோதனையோ, எடுத்த மாதிரியில் வைரஸ் இருந்தால்தான் காட்டும். உங்களுக்கு ஸ்வாப் எடுத்தது தொடர்புக்குப் பின் மூன்றாம் நாள். தொற்றியிருந்தாலும் அதற்குள் தொண்டையில் வைரஸ் போதுமான அளவு பெருகியிருக்காமல் இருக்கலாம். அன்று கிடைக்கவில்லை என்பதற்கு மேல் அந்த நெகட்டிவுக்கு அர்த்தம் கிடையாது. வாந்தி, உமிழ்நீர், சிறுநீர் பட்டவர்கள் அதிக ஆபத்துள்ள தொடர்பாளர்கள். நீங்கள் அந்தப் பட்டியலில்தான் வருவீர்கள். 2018இல் கோழிக்கோட்டில் இது பரவியதும் பெரும்பாலும் மருத்துவமனைகளுக்குள்தான்.

நாள் எண்ணுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். போன் வந்த நாளிலிருந்தோ ஸ்வாப் எடுத்த நாளிலிருந்தோ எண்ணக்கூடாது. நோயாளியை விட்டுப் பிரிந்த 3ஆம் தேதி பூஜ்யம். 4ஆம் தேதி முதல் நாள். அப்படியானால் 24ஆம் தேதி இரவோடு 21 நாள் முடியும். இடையில் மறுபடி அந்த வார்டுக்குப் போயிருந்தால் கணக்கு முதலிலிருந்து.

காலையும் மாலையும் வெப்பநிலை பார்த்து நோட்டில் நேரத்தோடு எழுதுங்கள். தலைவலிக்குப் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு பிறகு தெர்மாமீட்டர் வைத்தால் காய்ச்சல் மறைந்துவிடும். முதலில் அளந்து, ஆய்வாளருக்குச் சொல்லிவிட்டுப் பிறகு மாத்திரை. 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, காய்ச்சல் இல்லாமலேயே தலைவலி, வாந்தி, தொண்டைவலி, மூச்சுத்திணறல், தூக்கக்கலக்கம், பேச்சில் குழப்பம் வந்தாலோ உடனே ஆய்வாளரையோ சுகாதார உதவி எண் 104ஐயோ அழையுங்கள். 108ஐக் கூப்பிட்டால் ‘நிபா தொடர்பு’ என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ஊழியர்கள் கவச உடையோடு வரவேண்டும். ஆட்டோ, பஸ், தெருமுனை கிளினிக் எதுவும் வேண்டாம். ‘டெங்குவாக இருக்கும்’ என்று தனியார் லேபில் ரத்தம் கொடுத்துவிடாதீர்கள்; மாதிரியைக் கையாளும் ஊழியருக்கு அது ஆபத்து. நிபா மாதிரியை அரசுத் தரப்பில் எடுத்து, குளிர்ச்சி மாறாமல், புனே தேசிய வைராலஜி நிறுவனம் போன்ற ஆய்வகங்களுக்கு அனுப்புவார்கள். அறிகுறி தென்பட்டால், முன்பு நெகட்டிவ் வந்திருந்தாலும் மறுபடி ஸ்வாப் எடுப்பார்கள்.

வீட்டில் ஜன்னல் உள்ள தனி அறை, தனித் தட்டு, தனித் துண்டு. கழிவறை ஒன்றுதான் என்றால் கடைசியாக நீங்கள் போய்விட்டுக் கழுவுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும். வாந்தி, ரத்தம் பட்ட இடமானால் 15 கிராம். ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். அன்றன்றைக்குக் கரையுங்கள். கட்டி தட்டிப்போன, வாசனை இல்லாத பவுடரில் குளோரின் மிச்சமிருக்காது. ஆசிட் கலந்த கழிவறைக் கிளீனரோடு சேர்க்கவே கூடாது, விஷவாயு கிளம்பும்.

மனைவி, பிள்ளைகள் பற்றி: பொதுவாக அறிகுறி உள்ளவரிடமிருந்துதான் நிபா தொற்றுகிறது. நீங்கள் நலமாக இருக்கும்வரை பிள்ளைகள் பள்ளிக்குப் போகலாம்; உள்ளூர் சுகாதார அலுவலர் வேறு மாதிரி உத்தரவிட்டால் அதையே பின்பற்றுங்கள். உங்களுக்குக் காய்ச்சல் கண்டால் அவர்களும் அன்றே தொடர்பாளர் பட்டியலில் சேர்ந்துவிடுவார்கள்.

அலுவலகத்துக்கு 24 வரை தனிமை என்று தேதி போட்ட கடிதத்தை மாநகர நல அலுவலர் அலுவலகத்தில் கேளுங்கள். மாமனார் உங்களைவிட அதிக நேரம் அந்த வார்டில் இருந்தவர். அவர் பெயர் கேரளத் தொடர்பாளர் பட்டியலில் இருக்கிறதா என்று அந்த மாநிலச் சுகாதார உதவி எண்ணான திஷா 1056இல் உறுதிசெய்யுங்கள். மிக அபூர்வமாக 45 நாள் கழித்தும் நோய் வந்ததாகப் பதிவு உண்டு. அதனால் 24க்குப் பின் சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தாலும், மருத்துவரிடம் இந்தத் தொடர்பைச் சொல்லிவிட்டுத்தான் நாடியை நீட்டவேண்டும்.