குளோரின் போட்டால் குடற்புழு முட்டை சாகுமா?

கேள்வி: எங்கள் ஊர்க் கழிவுநீரைக் குட்டையில் 11 நாள் தேக்கி, குளோரின் கலந்து கீரைத் தோட்டங்களுக்கு விடப் போகிறார்களாம். குடற்புழு முட்டைகள் செத்துவிடும்தானே?

பதில்: சாகாது. டைபாய்டு, காலராக் கிருமிகளைக் கொல்லும் அளவு குளோரினுக்கு உருண்டைப்புழு முட்டையின் கெட்டி ஓடு அசையாது. அதைக் கொல்லப் பார்க்காமல் படிய விடுவதுதான் வழி. நீரைவிடச் சற்றே கனம் என்பதால் அமைதியான நீரில் தானாக அடியில் இறங்கிவிடும்.

ஆனால் ஒரே பெரிய குட்டை போதாது. லிட்டருக்கு 500 முட்டையோடு வரும் நீரை 11 நாள் ஒரே குட்டையில் தேக்கினால், நீர் நிற்கும் நாளை வைத்து மிஞ்சும் முட்டையைக் கணக்கிடும் அய்ரஸ் சூத்திரப்படி லிட்டருக்குச் சுமார் 2.6 முட்டை மிஞ்சும். அதே 11 நாளை 1, 5, 5 என மூன்று குட்டைகளாகப் பிரித்து வரிசையாக ஓடவிட்டால் 127, 5.5, 0.24 எனக் குறையும். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 1. வயலில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இறங்கினால் 0.1தான். கீரை பறிக்கப் பிள்ளைகளும் வருவார்கள் அல்லவா? அதனால் இன்னொரு 5 நாள் குட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

நீர் நுழையும் குழாயும் வெளியேறும் குழாயும் எதிரெதிர் மூலைகளில் இருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், கணக்கில் 5 நாள் நிற்கும் நீர் சில மணி நேரத்திலேயே குறுக்கே ஓடிவிடும்.

முதல் குட்டையின் கசட்டை அளந்துகொண்டே இருங்கள். நீளக் கம்பில் வெள்ளைத் துண்டைச் சுற்றி, அடிவரை மெதுவாக இறக்கி எடுத்தால் கசடு நின்ற உயரம் கறுப்பாகத் தெரியும். ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்துவிட்டால் வாரியாக வேண்டும்.

கேள்வி: வாரிய கசட்டைக் காயவைத்து எருவாகப் போடலாமா?

பதில்: அப்படியே போடாதீர்கள். நீரிலிருந்து இறங்கிய முட்டைகள் எல்லாம் அதில்தான் உயிரோடு கிடக்கின்றன. காய்ந்த கசட்டிலும் ஓராண்டுக்கு மேல் தாங்கும். அவற்றைக் கொல்வது சூடு. வைக்கோல் அல்லது இலைச்சருகு கலந்து குவியல் போட்டு, உள்ளே 55 டிகிரி செல்சியஸ் குறையாமல் 15 நாள் வைத்திருங்கள். அதற்குள் 5 முறை புரட்டிவிடுங்கள். ஓரங்கள் சூடேறுவதில்லை, முட்டை அங்கேதான் தப்பும்.

நீரைப் பரிசோதிக்க 100 மில்லி பாட்டிலில் அனுப்பினால் பயனில்லை. லிட்டருக்கு ஒரு முட்டை இருந்தாலும் அதில் பெரும்பாலும் எதுவும் அகப்படாது. 10 லிட்டராவது எடுத்து, படியவைத்து, அடியில் தங்குவதைப் பார்க்கச் சொல்லுங்கள்.