போல் 3 மூழ்கவில்லை, ஜெர்மானியர் கைப்பற்றினார்கள்

திமிங்கில வேட்டைப் படகாக இருந்து, இரண்டாம் உலகப் போரில் நார்வே கடற்படையின் காவல் படகான போல் 3 மூழ்கவில்லை. 1940 ஏப்ரலில் 'இழப்பு' என்று ஒரு பட்டியலும், போர் முடிந்த பிறகும் ஓடியது என்று இன்னொன்றும் சொல்கிறதே, எது சரி என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரிதான்.

குழப்பத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும்: நார்வே கடற்படைக்குத்தான் அது இழப்பு. கைப்பற்றிய ஜெர்மானியர் 'சமோவா' என்று பெயர் மாற்றி ஓட்டினார்கள். அந்தப் பெயரில் தேடிப் பாருங்கள், விட்டுப்போன வருடங்கள் கிடைக்கும். அப்புறம், கட்டிய ஆண்டு 1926, அளவு 214 டன் என்பதையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 'போல்' வரிசையில் வேறு எண்களோடும் திமிங்கில வேட்டைப் படகுகள் இருந்தன.

உங்கள் பட்டியல் விட்டுவிட்ட விஷயம்தான் முக்கியம். ஏப்ரல் 8 இரவு, ஓஸ்லோ ஃபியோர்டின் (ஓஸ்லோ நகரத்துக்குச் செல்லும் குறுகிய கடல் நுழைவின்) வாயிலில், ஒரே ஒரு 76 மி.மீ. பீரங்கியோடு காவலுக்கு நின்ற இந்தச் சின்னப் படகு, ஜெர்மன் படையணியைப் பார்த்ததும் எச்சரிக்கைக் குண்டு சுட்டது. 'ஆல்பட்ராஸ்' டார்பிடோ படகோடு மோதவும் செய்தது. எந்திரத் துப்பாக்கிச் சூட்டில் காயமடைந்த கேப்டன் லைஃப் வெல்டிங்-ஓல்சன் கடலில் விழுந்து இறந்தார். நார்வே மீதான அந்த ஜெர்மன் படையெடுப்பில் உயிரிழந்த முதல் நார்வேஜியர் அவர்தான்.

ஒரு எச்சரிக்கை: வேட்டைக்காலப் படங்களில் முகப்பில் தெரிவது ஈட்டித் துப்பாக்கி. அதை 1940-இன் பீரங்கி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.