‘பிள்ளை வாறாளோ?’

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 38 வயது. கனடாவில், ஒன்ராறியோவில் இருக்கிறேன். அம்மம்மாவோடு ஏழு வருடமாகக் கதைப்பதில்லை. அவருக்கு இப்போது 81 வயது. நரம்புகள் செயலிழந்து தசைகள் ஒவ்வொன்றாகத் தளரும் ஏ.எல்.எஸ். என்ற நோய் வந்திருக்கிறது. நாக்கையும் தொண்டையையும் முதலில் பிடிக்கும் வகையாம். மருத்துவ உதவியுடன் இறக்க விண்ணப்பித்து, இரண்டு பேர் வந்து மதிப்பிட்டு, அடுத்த மாதம் 6ஆம் திகதி என்று நாளும் குறித்தாயிற்று.

எல்லோருக்கும் தெரிந்த பிறகு கடைசியாகத்தான் எனக்குச் சொன்னார்கள். என்னை வளர்த்தவர் அவர். அம்மா இரண்டு வேலைக்கு ஓடிய காலத்தில் பள்ளிக்கூடம் கூட்டிப் போனதும், காய்ச்சலுக்குப் பக்கத்தில் இருந்ததும் அம்மம்மாதான். அப்படிப்பட்ட எனக்குக் கடைசியாக.

ஏன் கதைப்பதில்லை என்று சொல்ல வேண்டும். அம்மாவுக்குப் புற்றுநோய் முற்றி, தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருந்தார். இனி ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். மெஷினை நிறுத்தி, வலி தெரியாமல் போக விடலாம் என்று நான் சொன்னேன். தனக்காக முடிவெடுக்க அம்மா யாரையும் எழுதி வைக்கவில்லை. அப்படியானால் முடிவெடுப்பதில் இங்குள்ள சட்டத்தில் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஒரே இடம். அம்மம்மா முடியாது என்றுவிட்டார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எல்லோர் முன்னிலையிலும், ‘பெத்த தாயைக் கைகழுவப் பாக்கிறாள்’ என்றார். வழக்கு வாதம் என்று போக எனக்குத் தெம்பில்லை. விட்டுக்கொடுத்தேன். அம்மா 23 நாள் அப்படியே கிடந்தார். கைகள் வீங்கி, மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள்.

அந்தச் சொல்லை அவர் ஒருநாளும் திரும்பப் பெறவில்லை. இப்போது தனக்கென்று வந்ததும் வலியில்லாமல் போக வேண்டுமாம். மகளுக்கு மறுத்ததைத் தனக்கு எடுத்துக்கொள்கிறார். இதைச் சொன்னால் சித்தி, ‘சாகப் போற மனுசி, பழசைக் கிளறாதே’ என்கிறார். வந்து பார் என்று ஒவ்வொரு நாளும் கோல். நான் போய் நின்றால் எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டதாக ஆகாதா? ஏதோ என் கையெழுத்துக்காகக் காத்திருப்பதுபோல இருக்கிறது.

முதலில் போன மாதமே ஒரு நாள் குறித்து, பிறகு அம்மம்மாதான் தள்ளிவைத்தாராம். ஏனென்று சித்திக்கும் சொல்லவில்லையாம். (நான் போகாமல் இருக்கும்வரை இன்னும் தள்ளிப்போடுவார் என்று சில இரவுகளில் ஒரு நினைப்பு வருகிறது. பைத்தியக்கார நினைப்பு, அதை விடுங்கள்.) போன கிழமை சித்தி ஒரு படம் அனுப்பினார். பேச்சு விளங்காததால் அம்மம்மா இப்போது கொப்பியில் எழுதிக் காட்டுகிறாராம். நடுங்கிய எழுத்தில், ‘பிள்ளை வாறாளோ?’ என்று இருந்தது. நான் பதில் போடவில்லை.

மகளுக்கு மறுத்துவிட்டுத் தனக்கு எடுத்துக்கொள்கிறவரை, ஒரு மன்னிப்புக்கூடக் கேட்காதவரை, சாகப் போகிறார் என்பதற்காக மட்டும் நான் மன்னிக்க வேண்டுமா?

- பெயர் வேண்டாம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரு சிறு விஷயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். உங்கள் கையெழுத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை. கனடாவில் 2016இல் வந்த சட்டம் இதில் உறவினரின் சம்மதத்தைக் கேட்பதே இல்லை. நோயாளி எழுதிக் கேட்க வேண்டும், ஒருவரையொருவர் சாராத இரண்டு மருத்துவர்களோ நர்ஸ் பிராக்டிஷனர்களோ (மேற்பயிற்சி பெற்ற தாதியர்) மதிப்பிட வேண்டும். மருந்து ஏற்றுவதற்குச் சற்று முன்பும் ‘இப்போதும் விருப்பமா?’ என்று அவரிடமே கேட்பார்கள். அந்த நிமிடத்தில்கூட அவர் வேண்டாம் எனலாம். நீங்கள் போய் அவர் கட்டிலருகே உட்காருவதால் எதற்கும் ஒத்துக்கொண்டதாக ஆகாது.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். முதல் தடவை உங்கள் பக்கம் நின்றேன். அந்த மோதிரத்தை யாராலும் மறக்க முடியாது. மூன்றாம் தடவை, நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டு ‘விடுங்கள்’ என்று சொன்ன இடத்திலேயே நின்றுவிட்டேன். அதை விட்டுவிட எனக்கு மனமில்லை. அது பைத்தியக்கார நினைப்பும் இல்லை. கடிதத்திலேயே அந்த ஒரு வரியில்தான் கோபம் இல்லை.

நீங்கள் போகாமல் இருப்பது அம்மம்மாவைத் தண்டிக்க என்றுதான் நானும் முதலில் எண்ணினேன். அப்படித் தெரியவில்லை. நீங்கள் அவரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். ‘நான் வராதவரை நீங்கள் போக முடியாது’ என்று ஒரு கயிறு. அவர் நாளைத் தள்ளிவைத்தது உங்களுக்காகத்தானா என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆனால் உங்களுக்காகத்தான் என்று உள்ளுக்குள் நம்புகிறீர்கள். நம்பிக்கொண்டுதான் அந்தப் படத்துக்குப் பதில் போடாமல் இருக்கிறீர்கள்.

இனி நான் சொல்வது உங்களுக்கு வலிக்கும். ஏழு வருடத்துக்கு முன் அந்த ஆஸ்பத்திரியில் உங்கள் அம்மம்மா செய்தது என்ன? போக வேண்டிய ஒருவரை, போக விட மனம் வராமல் பிடித்து வைத்தார். அந்தக் கிழவியின் கையில் வென்டிலேட்டர் இருந்தது. உங்கள் கையில் மௌனம் இருக்கிறது. அன்று கஷ்டப்பட்டது கட்டிலில் கிடந்தவர், இன்றும் அப்படியே. இந்த நோய் பலருக்குப் புத்தியைத் தெளிவாக விட்டுவிட்டு உடம்பைத்தான் ஒவ்வொன்றாக எடுக்கும். தன் எச்சிலையே விழுங்க முடியாமல் புரையேறும், மூச்சு முட்டும். குணப்படுத்த மருந்து இன்றுவரை இல்லை. இதற்குள் ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப்போவது என்றால் என்ன என்று, 23 நாள் அம்மா பக்கத்தில் இருந்த உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டும் ஒன்றா என்று கோபப்படுவீர்கள். ஒன்றல்ல. அம்மம்மா மெஷினை நிறுத்த விடவில்லை. நீங்கள் வெறுமனே போகாமல் இருக்கிறீர்கள். எடை வேறு. ஆனால் இரண்டையும் செய்ய வைத்த மனம் வேறல்ல. அன்று அவர் கண்முன் கிடந்தது அவர் பெற்ற பிள்ளை. அந்த நேரத்தில் யார் ‘விடலாம்’ என்று சொன்னாலும் அவர்மேல் பாய்ந்திருப்பார். நீங்கள் சொன்னீர்கள், உங்கள்மேல் பாய்ந்தார். அவர் சொன்ன சொல் அநியாயம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதை நியாயப்படுத்த உங்களைக் கேட்கவும் மாட்டேன். ஆனால் ‘எப்படி ஒரு மனுசியால் அப்படிச் செய்ய முடிந்தது?’ என்ற கேள்விக்கு ஏழு வருடமாக வெளியே பதில் தேடினீர்கள். இப்போது அது உங்களிடமே இருக்கிறது.

மகளுக்கு மறுத்ததைத் தனக்கு எடுத்துக்கொள்கிறார் என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். அந்த 23 நாளையும் அவரும் பக்கத்தில் இருந்துதானே பார்த்தார்? அப்படிக் கிடக்கக் கூடாது என்று எங்கே கற்றுக்கொண்டார்? என் ஊகம் பிழையாகவும் இருக்கலாம். சரி சொல்லவோ பிழை சொல்லவோ ஒருவரால்தான் முடியும். அவரிடம் கேளுங்கள்.

மன்னிக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். அதற்கு இப்போது பதில் சொல்ல மாட்டேன், உங்களையும் சொல்லச் சொல்ல மாட்டேன். சாவைக் காட்டி வாங்கும் மன்னிப்பில் எனக்கு மரியாதை இல்லை. சித்தி சொல்வதுபோலப் பழசைக் கிளறாமல் இருப்பதிலும் இல்லை. போய்க் கிளறுங்கள். ‘நீங்கள் சொன்ன சொல் இன்னும் எரிகிறது’ என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். வளர்த்த கிழவியிடம் அதைச் சொல்லலாம். ‘போகாதீங்கோ அம்மம்மா’ என்று சொல்லத் தோன்றினால் அதையும் வாயால் சொல்லிவிடுங்கள். அவர் உங்கள் பேச்சைக் கேட்டு நாளை மாற்ற வேண்டியதில்லை, ஆனால் நீங்கள் அதைச் சொல்லாமல் நாட்களைப் பிடித்து வைத்து உணர்த்த வேண்டியதும் இல்லை.

ஒன்றை எதிர்பார்க்காதீர்கள்: அவர் மன்னிப்புக் கேட்பார் என்று. கேட்கலாம், கேட்காமலும் போகலாம். ‘சாப்பிட்டியா’ என்று மட்டும் எழுதிக் காட்டினாலும் காட்டுவார். நம் கிழவிகள் அப்படித்தான்.

காலையில் போங்கள். இந்த நோயில் களைப்பு ஏற ஏறப் பேச்சு இன்னும் குழறும். ஆம், இல்லை என்று தலையசைக்கக்கூடிய கேள்விகளாகக் கேளுங்கள், மற்றதை எழுத விடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். முதல் நாளே எல்லாவற்றையும் பேசி முடிக்க வேண்டாம். 6ஆம் திகதி கூட இருப்பதா இல்லையா என்பதை இப்போது முடிவு செய்யாதீர்கள். இருக்க முடியாவிட்டால் அதை முன்னதாகவே அவரிடம் சொல்லிவிடுங்கள், அன்று அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால், சித்தி அனுப்பிய படத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு கிழமையாகப் பதில் போகவில்லை. இன்றைக்கே போடுங்கள்.