அடுக்குமாடிக் குடியிருப்பில் நாள் வாடகைக்கு வருபவர்களை எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் மூன்று வீடுகளை ஏர்பிஎன்பி என்ற இணைய முன்பதிவுத் தளம் மூலம் நாள் வாடகைக்கு விடுகிறார்கள். சனி, ஞாயிறு என்றால் யார் யாரோ வந்து போகிறார்கள். சங்கம் இவர்களை எப்படிச் சரிபார்க்கலாம்? கல்யாணமாகாத ஜோடிகளைத் தடுக்கலாமா?

பதில்: சென்னை ஓஎம்ஆர் பக்கம் ஒரு பெரிய குடியிருப்பில் சங்கச் செயலாளராக இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். முதலில் அந்த மூன்று வீட்டு ஓனர்களைச் சரிபாருங்கள். விருந்தினர்களைச் சரிபார்க்க வேண்டியது அந்த ஓனர்களின் வேலை, அதுவும் பெட்டியோடு கேட்டில் வந்து நிற்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை. கேட்டில் நடக்க வேண்டியது ஒன்றுதான்: ஓனர் கொடுத்த பட்டியலில் இருப்பவர்கள்தான் வந்திருக்கிறார்களா என்று பார்ப்பது.

எங்கள் பகுதிக்கு இப்படி வருபவர்களில் பலர் ஆஸ்பத்திரிக்காக வருபவர்கள். உறவினர் கல்யாணத்துக்கு வருபவர்கள், புது வேலையில் சேர்ந்து வாடகை வீடு தேடிக்கொண்டிருப்பவர்கள், சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ லீவுக்கு வரும் குடும்பங்கள் என்று மற்றவர்களும் உண்டு. இவர்களுக்கு நடுவில்தான் சனிக்கிழமை ராத்திரி ஸ்பீக்கரோடு வரும் கூட்டமும் வருகிறது. யார் எந்த வகை என்று செக்யூரிட்டி முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. முன்பதிவு நேரத்தில் பேசுகிற ஓனரால் முடியும்.

'ஏர்பிஎன்பியே அடையாளம் பார்த்துவிடுகிறதே' என்று ஓனர்கள் சொல்வார்கள். அது பார்ப்பது முன்பதிவு செய்தவரின் அடையாளத்தை. அவரோடு வரும் மற்ற ஐந்து பேரை யாரும் பார்ப்பதில்லை. அதனால் ஓனர் நான்கு விஷயங்களைக் கேட்டு வாங்கட்டும்: தங்கப்போகிற எல்லோருடைய பெயர், எதற்காக வருகிறார்கள், எத்தனை மணிக்கு வருகிறார்கள், வண்டி எண். ஆஸ்பத்திரிக்கு வருகிறவரோ கல்யாணத்துக்கு வருகிறவரோ இதைக் கேட்டால் கோபப்பட மாட்டார், உடனே சொல்லிவிடுவார். கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் 'பகலில் நண்பர்கள் வந்து போகலாமா, எத்தனை பேர் வரலாம்' என்று திரும்பத் திரும்பக் கேட்பவரிடம்தான் கவனம் தேவை. வேறொருவருக்காக நான் புக் செய்கிறேன் என்பவர், தளத்துக்கு வெளியே பணம் தருகிறேன் என்பவர் இரண்டு பேரையும் மறுத்துவிடச் சொல்லுங்கள்.

பார்ட்டிக் கூட்டத்தைக் கண்டுபிடிக்க இன்னொரு அடையாளமும் உண்டு: அதே ஊர்க்காரர், முழு வீடு, ஒரே ஒரு சனிக்கிழமை ராத்திரி, கடைசி நேரப் பதிவு, பழைய விருந்தினர் மதிப்புரை எதுவும் இல்லை. 2019 ஹாலோவீன் இரவில் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஒரிண்டாவில் ஏர்பிஎன்பி மூலம் வாடகைக்கு எடுத்த வீட்டில் நடந்த பார்ட்டியில் துப்பாக்கிச் சூடு நடந்து 5 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஏர்பிஎன்பி கெடுபிடியை ஆரம்பித்தது. 2020 ஆகஸ்டில் உலகம் முழுக்க பார்ட்டிகளைத் தடை செய்தது, 2022 ஜூனில் அதை நிரந்தர விதியாக்கியது. எத்தனை ராத்திரி, பதிவு செய்பவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், வாரக் கடைசியா, மதிப்புரை உண்டா என்றுதான் அவர்களுடைய கணினியும் பார்க்கிறது. ஆனால் உள்ளூர்க்காரர் என்பதற்காகவே மறுக்க வேண்டாம். வீட்டுக்கு பெயின்ட் அடிக்கிறார்கள் என்று இரண்டு நாள் தங்க வருபவர்களும் இருக்கிறார்கள். ஒரு போன் போட்டுப் பேசினால் தெரிந்துவிடும்.

சரி, ஜோடிகள் விஷயத்துக்கு வருகிறேன். தடுக்கக் கூடாது. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 2019ல் கோயம்புத்தூரில் ஒரு சர்வீஸ் அப்பார்ட்மென்டில் அதிகாரிகள் சோதனை போட்டு, ஒரு அறையில் கல்யாணமாகாத ஜோடி இருந்தது, இன்னொரு அறையில் மதுபாட்டில் இருந்தது என்று சொல்லிக் கட்டடத்துக்கே சீல் வைத்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கல்யாணமாகாத இரண்டு வயதுவந்தவர்கள் ஒரு அறையில் தங்குவதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை என்று சொல்லி, அதே ஆண்டு டிசம்பரில் சீலை அகற்றச் சொன்னது நீதிமன்றம். அரசாங்கத்துக்கே இல்லாத அதிகாரத்தை நம் சங்கம் எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டு பேருக்கும் 18 வயது ஆகிவிட்டதா என்பது மட்டும்தான் பார்க்க வேண்டியது. சின்னப் பிள்ளையோடு வருகிறவர் பெற்றோர் இல்லை என்றால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு போன் செய்ய வேண்டும்.

இதே மாதிரிதான் மதம், சாதி, ஊர், 'நான்வெஜ் சமைப்பீர்களா' போன்ற கேள்விகளும். சரிபார்ப்பு என்ற பெயரில் இவை நுழைந்துவிடுவதை நான் சங்கக் கூட்டத்திலேயே பார்த்திருக்கிறேன். எல்லா நாட்டிலும் இது நடக்கிறது. அமெரிக்காவில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஒரே மாதிரி விவரங்களோடு வெவ்வேறு பெயர்களில் ஏர்பிஎன்பி வீடுகளுக்கு விண்ணப்பித்துப் பார்த்தார்கள். கறுப்பின மக்களிடையே அதிகம் வழங்கும் பெயர்களுக்குச் சம்மதம் கிடைப்பது 16 சதவீதம் குறைவாக இருந்தது. 2018க்குப் பிறகு ஏர்பிஎன்பி விருந்தினரின் புகைப்படத்தைப் பதிவு உறுதியாகும் வரை ஓனருக்குக் காட்டாமல் வைத்ததற்கு இந்த மாதிரிப் புகார்கள்தான் காரணம். பெயரைப் பார்த்து ஆளை ஒதுக்கினால் குடியிருப்பு பாதுகாப்பாகிவிடாது. சத்தம் போடும் கூட்டம் எல்லாப் பெயரிலும் வரும்.

அடுத்தது எனக்கு ரொம்ப வருத்தம் தந்த விஷயம். கேட்டில் வரும் எல்லோரிடமும் ஆதார் ஜெராக்ஸ் வாங்கி ஒரு ஃபைலில் போட்டுவைப்பது. அந்த ஃபைல் மேஜையில் திறந்தே கிடக்கும், யார் வேண்டுமானாலும் புரட்டலாம். ஒரு குடியிருப்பில் விருந்தினரின் ஆதாரை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டார்கள். ஒருவருடைய பிறந்த தேதி, முகவரி, எண் எல்லாம் முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானவர்களின் போனில்! இதற்கு அவசியமே இல்லை. கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரை யாரும் இலவசமாக டவுன்லோடு செய்யலாம். ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் எது இருந்தாலும் போதும். ஆதாரில் இருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அட்டை உண்மையா என்பதும் தெரிந்துவிடும். கேட்டில் அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும். பிரதியை வைத்துக்கொள்வதாக இருந்தால் ஓனர் வைத்துக்கொள்ளட்டும், எத்தனை நாளில் அழிப்பார் என்பதையும் சொல்லட்டும்.

வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தங்கினால் விதி வேறு. 24 மணி நேரத்துக்குள் ஓனர் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் தெரிவிக்க வேண்டும். படிவம் சி என்று பல காலமாகச் சொல்வது இதைத்தான். ஹோட்டலுக்கு மட்டும்தான் இது என்று நினைக்கும் ஓனர்கள் நிறைய. 2025 செப்டம்பரில் பழைய வெளிநாட்டவர் சட்டங்களுக்குப் பதிலாகப் புதுச் சட்டம் வந்த பிறகும் இந்தக் கடமை தொடர்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்தோ மலேசியாவின் ஈப்போவிலிருந்தோ வருபவர் நம்மைப் போலவே தமிழ் பேசுவார், அதனால் யாருக்கும் இது தோன்றாது. பார்க்க வேண்டியது பாஸ்போர்ட்டை.

இவ்வளவையும் செக்யூரிட்டி தலையில் கட்டாதீர்கள். கீமோ முடித்த அம்மாவோடு வந்த ஒரு குடும்பத்தை எங்கள் கேட்டில் ரொம்ப நேரம் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஓனர் வெளிநாட்டில், போனை எடுக்கவில்லை. உள்ளே விட்டால் சங்கம் திட்டும், விடாவிட்டால் பாவம், செக்யூரிட்டி அண்ணன் என்ன செய்வார்? அதற்குப் பிறகுதான் நாள் வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீட்டுக்கும் அரை மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய ஒரு பொறுப்பாளர் ஊரிலேயே இருக்க வேண்டும், அவருடைய எண் கேட்டில் இருக்க வேண்டும் என்று விதி போட்டோம். மற்ற எல்லா விதியையும் விட இதுதான் பலன் தந்தது. ராத்திரி சத்தம் வந்தாலும் அவருக்குத்தான் போன் போகும், விருந்தினரோடு யாரும் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

வீட்டுக்குள் கேமரா வைக்கச் சொல்லி ஓனரைக் கேட்காதீர்கள். 2024 ஏப்ரல் 30 முதல் ஏர்பிஎன்பி வீடுகளின் உள்ளே கேமராவே கூடாது. சத்தத்தின் அளவை மட்டும் காட்டும் கருவி வைக்கலாம், அதையும் விருந்தினரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நீச்சல் குளம், கிளப் ஹவுஸ், பார்க்கிங் இவற்றை விருந்தினர் பயன்படுத்தலாமா, ஒரு வீட்டில் அதிகபட்சம் எத்தனை பேர் என்பதையெல்லாம் பொதுக்குழுவில் பேசி பைலாவில், அதாவது சங்கத்தின் விதிமுறைகளில், எழுதிவிடுங்கள். அபராதம் என்றால் ஓனருக்குத்தான். விருந்தினர் திங்கட்கிழமை ஊருக்குப் போய்விடுவார், மாதாமாதம் பராமரிப்புத் தொகை கட்டப்போவது ஓனர்.

ஆனால் பைலா மாற்றம் முடிய மாதக்கணக்கில் ஆகும். அதுவரை காத்திருக்காதீர்கள். அந்த மூன்று ஓனர்களையும் இந்த வாரமே கூப்பிட்டுப் பேசுங்கள், பொறுப்பாளர் எண்ணையும் அடுத்த சனிக்கிழமைக்கான பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். மூன்றில் இரண்டு பேராவது மறுக்காமல் தருவார்கள் என்றுதான் நினைக்கிறேன். தராதவர் யார் என்று தெரிந்தால், பொதுக்குழுவில் யாரைப் பற்றிப் பேச வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.