வைரலாகும் விழிப்புணர்வுப் பிரசாரங்கள் பாதிக்கப்பட்ட சனத்துக்கு உண்மையில் உதவுகின்றனவா?

உதவுகின்றன. ஆனால் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்பதை வைத்து அதை அளக்க முடியாது. அந்தப் பதிவு போய் முடிகிற இடத்தில் வேலை செய்ய ஆள் இருக்கிறாரா, அவர் என்ன கேட்கிறார் என்பது தெளிவாக இருக்கிறதா, இந்த இரண்டையும்தான் நான் பார்ப்பேன். மட்டக்களப்பில், படுவான்கரைப் பக்கம், மாரி வெள்ளத்தின்போது நிவாரணப் பட்டியல் எழுதுகிற ஆட்களில் நானும் ஒருவன். அங்கே கண்டதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எல்லோரும் சொல்கிற உதாரணத்தைப் பார்ப்போம். 2012 மார்ச் 5ஆம் திகதி 'கொனி 2012' என்ற அரைமணி நேர வீடியோ வெளிவந்தது. உகண்டாவில் பிள்ளைகளைக் கடத்திப் படையில் சேர்த்த ஜோசப் கொனியின் பெயரை உலகம் முழுக்கத் தெரிய வைத்தால், அந்த வருசத்துக்குள் அவனைப் பிடித்துவிடலாம் என்பது அதன் வாதம். ஆறே நாளில் அது 10 கோடித் தடவை பார்க்கப்பட்டது. ஆனால் கொனியும் அவனுடைய ஆட்களும் 2006 அளவிலேயே உகண்டாவை விட்டுப் போயிருந்தார்கள். வீடியோ வந்த அதே மாதம் வட உகண்டாவின் லிரா நகரில், கொனியின் படையால் பாதிக்கப்பட்ட சனத்துக்கே அதைத் திரை கட்டிக் காட்டினார்கள். பார்த்தவர்கள் கோபப்பட்டுக் கல்லெறிந்தார்கள். எங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோனவனின் பெயரை ரீசேட்டில் போடுவதா என்று கேட்டார்கள். காயப்பட்டவர்களுக்கும் தப்பி வந்த பிள்ளைகளுக்கும் என்ன வழி என்று அந்த வீடியோவில் சொல்லவே இல்லை என்றார்கள். ஏப்ரல் 20 இரவு உலகத்து நகரங்கள் எல்லாவற்றிலும் போஸ்டர் ஒட்டுவோம் என்ற அழைப்புக்கு வந்தவர்கள் மிகக் குறைவு. அமெரிக்காவும் உகண்டாவும் 2017இல் தேடுதலை நிறுத்திக்கொண்டன. கொனி பிடிபடவில்லை.

லிரா சனத்தின் கோபம் எனக்கு நன்றாக விளங்குகிறது. பிள்ளையைக் கொண்டுபோனால் வீடு என்ன ஆகும் என்பதை எங்கள் மாவட்டத்துத் தாய்மாருக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களைப் பற்றி வெளியில் பேசப்போகிறவர் முதலில் அவர்களோடு பேச வேண்டும். அந்த வீடியோவை எடுத்தவர்களின் நோக்கத்தில் நான் குறை சொல்லவில்லை. பார்த்த அத்தனை பேருக்கும் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் போனதுதான் பிரச்சினை.

2014 ஐஸ் வாளிச் சவால் வேறு மாதிரி. தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றுவதைப் பலர் வெறும் கூத்து என்று ஒதுக்கினார்கள். ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்காக உழைக்கும் அமெரிக்கச் சங்கத்துக்கு அந்தக் கோடையில் மட்டும் சுமார் 11.5 கோடி டொலர் சேர்ந்தது. அந்தப் பணம் உதவிய ஓர் ஆய்வு 2016இல் என்.ஈ.கே.1 என்ற மரபணுவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. அதில் ஒரு பங்கு பணம் போன மருந்து 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெரிய பரிசோதனையில் பலன் தெரியாததால் 2024இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. நோயாளிகளுக்கு அது பெரிய ஏமாற்றம். இருந்தாலும் பணம் போக வேண்டிய இடத்துக்குப் போனது. அதை வாங்கி எங்கே போடுவது என்று தெரிந்த சங்கம் ஏற்கெனவே இருந்ததுதான் காரணம். சூடானில் போரால் பாதிக்கப்பட்ட டார்பூர் பகுதிக்காக முகநூலில் 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் சேர்ந்த ஒரு குழுவையும் பின்னர் ஆராய்ந்திருக்கிறார்கள். நூற்றுக்கு 99 பேருக்கு மேல் ஒரு சதமும் கொடுக்கவில்லை.

சரி, அப்படியானால் விளம்பரமே வேண்டாம், சத்தமில்லாமல் வேலை செய்தால் போதும் என்று சொல்லலாமா? அதற்கு நான் உடன்பட மாட்டேன். 2004இல் சுனாமி அடித்தபோது எங்களிடம் முகநூல் இல்லை. தொலைக்காட்சிதான் அந்த வேலையைச் செய்தது. பிறகு சர்வதேச உதவி அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டு அறிக்கை ஒரு கணக்குச் சொன்னது: சுனாமியில் பாதிக்கப்பட்ட ஒருவருக்கு 7,100 டொலர் என்ற அளவில் நிதி திரண்டது, அதே வருசம் பங்களாதேஷ் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்கு 3 டொலர். நாவலடியிலும் கல்முனைக் கரையிலும் சனம் இழந்ததை நினைத்தால் எங்களுக்கு வந்தது அதிகம் என்று வாய் வராது. அந்த 3 டொலர்தான் மனதைச் சுடுகிறது.

2011 ஜனவரியில் அந்த நிலைமை எங்களுக்கும் வந்தது. கிழக்கில் 10 லட்சம் பேருக்கு மேல் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டார்கள். பெரும்போக வேளாண்மை அறுவடைக்குக் கிட்ட நின்ற நேரம். அதே கிழமைகளில் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் வெள்ளம். உலகக் கமராக்கள் அங்கே நின்றன. பெப்ரவரி தொடக்கத்தில் இரண்டாம் வெள்ளம் வந்து மிச்சமிருந்த நெற்கதிர்களையும் கொண்டுபோனது. கண்ணில் படாத துன்பத்துக்குக் காசு வராது. அதனால் யாராவது ஒரு வீடியோ எடுத்துப் போடத்தான் வேண்டும்.

இப்போதெல்லாம் போடுகிறார்கள். கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் போகிற வீதியை வெள்ளம் மூடினால் அப்பால் உள்ள ஊர்களுக்குப் படகுதான். பாலத்தடியில் நின்று ஒருவர் வீடியோ எடுப்பார். பின்னேரத்துக்குள் அது சுவிஸ், லண்டன், கனடா எல்லாம் போய்விடும். விடிந்தால் வாகனங்கள் வரத் தொடங்கும். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் இரவிரவாகச் சமைத்துக் கொண்டுவருகிறார்கள், கொழும்பிலிருந்தும் வருகிறார்கள். அந்த மனசுக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் தார் றோட்டு எங்கே முடிகிறதோ அங்கே வாகனமும் நின்றுவிடும். அங்கே பாடசாலையில் தங்கியிருக்கிறவர்களுக்கு ஒரே மத்தியானத்தில் மூன்று தரப்பின் சோற்றுப் பார்சல். தோணியில் போக வேண்டிய ஊருக்கு ஒன்றுமில்லை. எந்த ஊர், எத்தனை குடும்பம், யாரோடு பேசுவது என்று வீடியோவின் கீழ் இரண்டு வரி இருந்திருந்தால் பாதிச் சோறு உள்ளே போயிருக்கும். சில வேளை போன வருசத்து வீடியோவே திகதி இல்லாமல் திரும்பச் சுற்றும். அதைப் பார்த்து வருகிற லொறியைத் திருப்பி அனுப்பவும் முடியாது, இறக்கி வைக்கவும் இடமிருக்காது.

வெள்ளம் வடிந்த பிறகுதான் உண்மையான செலவு. கிணறு இறைத்துக் குளோரின் போட வேண்டும். பிள்ளைகளுக்குக் கொப்பி, சப்பாத்து. வேளாண்மை அழிந்தவருக்கு அடுத்த போகத்துக்கு விதைநெல். அந்த நேரத்தில் யாரும் வீடியோ எடுப்பதில்லை. இது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதுமில்லை. 2015 செப்டெம்பரில் துருக்கிக் கரையில் இறந்து ஒதுங்கிய சிரிய அகதிச் சிறுவன் அலன் குர்தியின் படம் வந்த கிழமை, சுவீடன் செஞ்சிலுவைச் சங்கம் சிரிய அகதிகளுக்காகத் திரட்டிய நிதிக்கு ஒரு நாளில் வந்த நன்கொடைகளின் எண்ணிக்கை நூறு மடங்கு கூடியது. ஆறு கிழமைக்குள் அந்த வேகம் போய்விட்டது. ஆனால் மாதாமாதம் தருகிறேன் என்று அப்போது பதிந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிறகும் விலகவில்லை. பார்த்த உடனே ஒரு தடவை கொடுப்பதற்குப் பதிலாகத் தொடர்ந்து கொடுக்க ஒரு வழி வைத்திருந்தால் அந்தக் கவனம் வீண்போகாது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். நிவாரணம் வாங்குகிறவரின் முகத்தைப் படம் எடுத்துப் போடுவது. வெள்ளாவெளிப் பக்கம் ஓர் அக்கா என்னிடம் சொன்னார்: "சாமான் வேணாம் எண்டு சொல்லல்ல தம்பி. அரிசிப் பை வாங்கக்குள்ள கமராவப் பாக்கச் சொன்னாங்க, பாத்தன். இப்ப பள்ளிக்கூடத்துல அந்தப் படத்தக் காட்டி என்ட மகளச் சிரிக்காங்களாம்." கொடுத்தவர்களுக்கு அது வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டிய கணக்கு. அந்தப் பிள்ளைக்கு அது அழியாமல் கிடக்கிற படம். கணக்குக் காட்ட வேறு வழி இருக்கிறது. பற்றுச்சீட்டு, கிராமசேவகர் கையொப்பமிட்ட பட்டியல், அடுக்கி வைத்த பொதிகளின் படம் போதும். முகம் காட்டினால்தான் காசு வரும் என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் மகளை அப்படிப் போடுவீர்களா?

கொடுக்க வசதியில்லை, பகிர்வதையாவது செய்யலாமே என்று சிலர் கேட்பார்கள். செய்யுங்கள். 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது, இரத்தம் தேவை, போதனா வைத்தியசாலைக்கு வாருங்கள் என்ற செய்தி கையிலிருந்து கைக்குப் போனது. கேட்டது ஒன்று, இடம் ஒன்று. பகிர்ந்தவர் தானே எழும்பிப் போகவும் முடிந்தது. அப்படிப்பட்ட பகிர்வை யாரும் குறைவாகப் பேசக்கூடாது. ஆனால் பகிர்ந்ததோடு கடமை முடிந்தது என்று மனம் ஆறிவிடுகிற ஆபத்தும் இருக்கிறது. ஊரறிய ஆதரவு காட்டியவர்கள் அப்புறம் உண்மையான உதவி கேட்டால் பின்வாங்குவது அதிகம் என்றும், தனியாக ஆதரவு தந்தவர்கள் அப்படி இல்லை என்றும் 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. 2013இல் யுனிசெப்பின் சுவீடன் கிளை, லைக் போட்டால் ஒரு பிள்ளைக்கும் போலியோ தடுப்பூசி கிடைக்காது, காசு தாருங்கள் என்று நேரடியாகவே விளம்பரம் செய்தது. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

அதனால் அடுத்த மாரியில் ஒரு வெள்ள வீடியோ உங்கள் கைக்கு வந்தால் முதலில் திகதியைப் பாருங்கள். பிறகு அந்தப் பிரிவின் கிராமசேவகரையோ, ஊரின் கிராம அபிவிருத்திச் சங்கத்தையோ, மாதர் சங்கத்தையோ தொலைபேசியில் எடுத்து, என்ன தேவை, எத்தனை குடும்பத்துக்கு என்று கேட்டு, அந்த விபரத்தோடு பகிருங்கள். பதிவைப் போட்டவரே நீங்கள் என்றால், தேவை முடிந்ததும் அதே பதிவில் "சாப்பாடு போதும், இனிக் கிணறு இறைக்கத்தான் காசு வேண்டும்" என்று எழுதுங்கள். எங்கள் பக்கத்துப் பெடியன்கள் சிலர் அப்படி எழுதினார்கள். சோற்றுப் பார்சல் வருவது நின்றது. தண்ணீர்ப் பம்பின் வாடகையையும் டீசல் காசையும் சுவிஸில் இருந்து பார்த்த ஒருவர் கட்டினார்.