அப்பப்பாவின் சுங்கான் (புகையிலை பிடிக்கும் பைப்) வாய்க்குழல் பச்சை பூத்துக் கிடக்கிறது. வீட்டிலேயே துப்புரவாக்கலாமா?

தாராளமாக. யாழ்ப்பாணத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்குப் போய் வந்தாலே முக்கால்வாசிச் சாமான் கிடைத்துவிடும். ஆனால் குழல் எதனால் செய்தது என்பதை முதலில் பாருங்கள்.

மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு திரும்பிய தலைமுறையின் சுங்கான் என்றால் பெரும்பாலும் எபோனைட், அதாவது கெட்டி ரப்பர். பழைய மைப்பேனாக்களும் இதில்தான் செய்தார்கள். ரப்பரோடு சுமார் 30 வீதம் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இப்படி இறுகும். வெய்யிலும் ஈரமும் படப்பட, அந்தக் கந்தகம் மேற்பரப்பில் ஒட்சியேறி பச்சையும் மண்ணிறமுமாகப் பூக்கும், வாயில் வைத்தால் கசக்கும். பெருவிரலால் சூடேறத் தேய்த்துப் பாருங்கள். கந்தக மணம் வந்தால் எபோனைட். அக்ரிலிக் பிளாஸ்டிக் குழல் இப்படிப் பூக்காது.

பிளீச்சில் ஊறப்போடச் சொல்லி யூடியூபில் காட்டுவார்கள். அந்தப் பக்கமே போகவேண்டாம். பச்சை போகும்தான், ஆனால் மேற்தோல் அரிபட்டுச் சொரசொரத்துவிடும், பிறகு இரட்டிப்பு வேலை. சுடுதண்ணியும் கூடாது, நிறம் இன்னும் கெடும்.

உட்பக்கத்தைச் சாராயத்தால் கழுவுங்கள். வாயில் வைக்கிற சாமான் என்பதால் ஸ்பிரிட்டை விடச் சாராயம் நல்லது, நம்மூர்ப் பனஞ்சாராயமே போதும். ஈர்க்கு நுனியில் பஞ்சைச் சுற்றி நனைத்து, மரத்துக்குள் செருகும் பக்கத்தால் விட்டுத் திருப்புங்கள். கடிக்கும் பக்கம் துளை தட்டையாக ஒடுங்கும், அங்கே ஈர்க்கை நெருக்கினால் முறிந்து உள்ளே நின்றுவிடும். பஞ்சு வெள்ளையாக வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யவேண்டும். அக்ரிலிக் குழலுக்குச் சாராயம் வேண்டாம், மயிரிழை வெடிப்பு விழும். சவர்க்காரத் தண்ணியே போதும்.

வெளிப்பக்கத்துக்கு வாட்டர் பேப்பர், அதாவது ஈரமாகத் தேய்க்கும் அரத்தாள்: 600, 1000, 2000 என்ற வரிசையில் (எண் கூடக்கூடத் தாள் மென்மை), தண்ணி தொட்டுத் தொட்டு. இங்கேதான் பலர் கோட்டைவிடுவது. குழலைக் கழற்றித் தேய்த்தால் பொருத்தும் விளிம்பு மழுங்கி, திரும்பப் பூட்டும்போது மரத்துக்கும் குழலுக்கும் இடையில் ஒரு பள்ளம் தெரியும். பூட்டியபடியே, மரத்தின் ஓரத்துக்கு டேப் ஒட்டிவிட்டுத் தேயுங்கள். பக்கத்தில் கம்பனி முத்திரை இருந்தால் அந்த இடத்தில் பேப்பரே படக்கூடாது, விரலில் பற்பசை தொட்டுத் தேய்த்தால் காணும். இன்னொன்று: ஈரமாக இருக்கும்போது எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும். துடைத்துக் காயவிட்டு, யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தால்தான் மிச்சமிருக்கும் மண்ணிறம் பிடிபடும். அது போகாமல் அடுத்த பேப்பருக்குப் போகவேண்டாம்.

கடைசி மினுக்கத்துக்கு வெள்ளைப் பற்பசையும் பழைய பருத்திச் சீலையும். கடையில் இருந்து இப்போதுதான் வந்தமாதிரிப் பளபளக்க வேண்டுமென்று நிற்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ரப்பர் தேய்கிறது.

பல்லடையாளத்தை மெழுகுதிரிச் சூடு காட்டி எழுப்பலாம், எபோனைட் பழைய உருவத்துக்குத் திரும்பும் குணமுள்ளது. நானென்றால் விட்டுவிடுவேன். அது உங்கள் அப்பப்பாவின் பல்.

குழல் கழற வராவிட்டால் முறுக்கிப் பலம் காட்டாமல், பொலித்தீன் பையில் சுற்றி அரை மணித்தியாலம் ஐஸ்பெட்டியில் வைத்துப் பாருங்கள். வேலை முடிந்ததும் ஒலிவ் எண்ணெய் ஒரு துளி பூசித் துடைத்து லாச்சிக்குள் வையுங்கள். வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரியில் வெய்யில் பட வைத்தால் திரும்பவும் பச்சை பூக்கும்.